உஷார்! கழுத்தில் இருப்பது அழுக்கல்ல

மே மாதக் கடைசி வாரம். யூனிஃபார்ம் தைக்க அக்கா மகனைத் தெருமுனை டெய்லரிடம் அழைத்துப் போயிருந்தேன். ஆறாம் வகுப்புக்குப் போகிறான், 11 வயது. நாடாவை இடுப்பில் சுற்றிய டெய்லர், நோட்டில் எழுதப் போனவர், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மறுபடியும் அளந்தார். "போன வருஷம் இருபத்தெட்டு சார். இப்ப முப்பத்திரண்டு. உள்ள மடிச்சு விட்ட துணி பத்தாது. புதுசாவே எடுத்துருங்க" என்றார். பிறகு காலருக்கு அளவெடுக்கும்போது, கொஞ்சம் தயங்கி, "தம்பியைக் கழுத்தை நல்லா தேய்ச்சுக் குளிக்கச் சொல்லுங்க, வெள்ளைச் சட்டை தாங்காது" என்றார்.

தேய்க்காமல் இல்லை. ஆறு மாதமாக அக்கா தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். கடலை மாவு, எலுமிச்சைத் தோல், பீர்க்கங்கூடு, யாரோ சொன்ன ஒரு க்ரீம். பையன் அழுததும் தோல் எரிந்ததும்தான் மிச்சம். பின்கழுத்தில், மடிப்புகளில், அக்குளில் கறுத்து, தடித்து, வெல்வெட் துணியைத் தடவுவது போல இருக்கும் அந்தப் பட்டை போகவே இல்லை.

போகாது. ஏனென்றால் அது அழுக்கே இல்லை. மருத்துவர்கள் அதை அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பார்கள். பருமனான பிள்ளையின் பின்கழுத்தில் இது தெரிந்தால், உள்ளே இன்சுலின் வேலை செய்யத் திணறுகிறது என்று உடம்பே எழுதி ஒட்டிய நோட்டீஸ் அது. சோப்புப் போட்டு நோட்டீஸை அழிக்கப் பார்க்கிறோம்.

குழந்தைகள் நல மருத்துவரிடம் போனோம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அக்காவுக்குக் கை நடுங்கியது. வெறும் வயிற்றில் சர்க்கரை 104. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 188. நல்ல கொழுப்பு என்கிறோமே, அந்த ஹெச்.டி.எல். 34. ரத்த அழுத்தம் மட்டும் தப்பித்திருந்தது. "இது எங்க வீட்டுக்காரரோட ரிப்போர்ட் மாதிரியே இருக்கே டாக்டர்" என்றாள் அக்கா. மாமாவுக்கு வயது 44.

இதற்குப் பெயர் மெட்டபாலிக் சிண்ட்ரோம். தமிழில் வளர்சிதை மாற்ற நோய்க்கூட்டு என்று எழுதுகிறார்கள். கூட்டு என்ற சொல்தான் முக்கியம். 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன், சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்டுப்போன கொழுப்புக் கணக்கு எல்லாம் ஒரே ஆளிடம் ஒன்றாக வந்து சேர்வது தற்செயல் அல்ல, இவற்றுக்கெல்லாம் அடியில் இன்சுலின் எடுபடாத நிலை இருக்கிறது என்று எடுத்துச் சொல்லி, அதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். அப்போது பேச்சு பெரியவர்களைப் பற்றியது. 2007இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு குழந்தைகளுக்கென்று தனி அளவுகோல் வெளியிட வேண்டி வந்தது. 10 வயதிலிருந்து 16 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இடுப்புச் சுற்றளவு அந்த வயதுக்கு மிக அதிகமாக இருந்து, அதனுடன் டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், ஹெச்.டி.எல். 40க்குக் கீழ், ரத்த அழுத்தத்தில் மேல் அளவு 130 அல்லது கீழ் அளவு 85ஐத் தொடுவது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல் ஆகிய நான்கில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் போதும். எங்கள் பையனுக்கு மூன்று சேர்ந்திருந்தன. 10 வயதுக்குக் கீழே இந்தப் பெயரைச் சூட்டுவதில்லை. ஆனால் தொப்பையும் குடும்பத்தில் சர்க்கரை நோயும் இருந்தால் கண்காணிக்கச் சொல்கிறார்கள்.

வசதியான வீட்டுப் பிள்ளைகளின் வியாதி என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2016-18இல் மத்திய அரசு யுனிசெஃப்புடன் சேர்ந்து நாடு முழுக்கப் பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தது. 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 34 சதவீதத்தினருக்கு டிரைகிளிசரைடு அதிகம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் சர்க்கரை நோயின் வாசற்படியில். அதே ஆய்வில்தான் வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். இளைத்த பிள்ளையும் ஊதிய பிள்ளையும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில். 1990இல் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடற்பருமன் உள்ளவர்கள் சுமார் 4 லட்சம் பேர். 2022இல் 1 கோடியே 25 லட்சம். 2024இல் லான்செட் இதழில் வந்த கணக்கு இது. பிள்ளைகளின் பசியைப் போக்க 1982இல் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்து நாட்டுக்கே வழி காட்டிய மாநிலத்தில், இன்று மதிய உணவுக்குப் பிறகு பிள்ளை எதைக் குடிக்கிறது என்று கவலைப்பட வேண்டியிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது? கைப்பேசியில் மூழ்கிய பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பாருங்கள். முதலில் சாதாரணமாகக் கூப்பிடுவீர்கள். காதில் விழாது. குரலை உயர்த்துவீர்கள். கடைசியில் கத்துவீர்கள், அப்போதுதான் எழுந்து வரும். இன்சுலினின் கதையும் அதுதான். ரத்தத்தில் வந்து சேரும் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளச் சொல்லித் தசைச் செல்களைக் கூப்பிடுவது அதன் வேலை. வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு ஏற ஏற, செல்கள் காதில் வாங்குவதில்லை. கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து கத்துகிறது. அதனால் ரத்தச் சர்க்கரை பல வருடம் சரியாகவே இருக்கும். 'சுகர் நார்மல்' என்ற ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வருவோம். ஆனால் அந்தக் கூச்சல் வேறு பலர் காதில் விழுகிறது. தோல் செல்கள் அதைக் கேட்டுப் பெருகுகின்றன. கழுத்து கறுப்பது அதனால்தான். கல்லீரல் கொழுப்பைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது, மிச்சத்தைத் தன்னிடமே சேர்த்துக்கொள்கிறது. சாராயத்தைக் கண்ணால் பார்த்திராத பையனுக்கு ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று வருவது இப்படித்தான். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதிலும், முகத்தில் முடி வளர்வதிலும், பி.சி.ஓ.எஸ். என்று பேர் சொல்லும் சினைப்பைக் கோளாறிலும் இந்த இன்சுலின் மிகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. கணையம் கத்திக் கத்தித் தொண்டை கட்டும் நாளில் சர்க்கரை நோய் வருகிறது. 40 வயதில் கத்தத் தொடங்கிய கணையம் 55இல் ஓய்ந்தது ஒரு காலம். 10 வயதிலேயே கத்தத் தொடங்கினால் எப்போது ஓயும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"என் பையன் ஒல்லிதான், எங்களுக்கு இந்தக் கவலை இல்லை" என்பவர்களுக்கும் ஒரு உஷார். 2004இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் பக்கத்துப் பக்கத்தில் வந்தது. ஒருவர் புனேவின் சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் இங்கிலாந்தின் ஜான் யுட்கின். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3, அச்சு அசலாக ஒன்று. உடம்பிலிருக்கும் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் உடம்பின் வாகு அப்படி. கை கால் குச்சியாக இருக்கும், கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும். எடை குறைவாகப் பிறக்கும் நம் குழந்தைகளிடமே இந்த வாகு இருக்கிறது என்பதை யாஜ்னிக்கின் குழு புனேயில் காட்டியது.

டெல்லியில் நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடப் பயம் தருகிறது. 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து, அவர்கள் 30 வயதை ஒட்டியபோது ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் பெரும்பாலும் 2 வயது வரை மெலிந்திருந்து, அதன்பின் மளமளவென்று எடை ஏறியவர்கள். 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட 'குண்டு' என்ற கணக்கில் வரவில்லை! ஆக, எடை பார்க்கும் மெஷினில் காசைப் போட்டுச் சீட்டு வாங்கி நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை.

பின் எதைப் பார்ப்பது? ஒரு கயிறு போதும். பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்து உச்சந்தலையிலிருந்து தரை வரை கயிற்றால் அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த கயிற்றைத் தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றிக் கட்டிப் பாருங்கள். இரு முனையும் தாராளமாகத் தொட வேண்டும். இடுப்பு, உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி, 5 வயதுக்கு மேல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. எங்கள் பையன் உயரம் 142 செ.மீ. பாதி 71. இடுப்பு 81. கயிற்றின் இரு முனைக்கும் நடுவில் என் ஐந்து விரலும் நுழைந்தன. ஆண் பிள்ளைக்கு அரைஞாண் கட்டும் வீட்டில் இதுகூட வேண்டாம். போன வருடம் எத்தனை முறை கயிறு இறுக்குகிறது என்று மாற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று முறை. மூன்று முறையும் பாட்டி, "யார் கண்ணும் படக் கூடாது" என்று சுற்றிப் போட்டாள்.

கண் பட்டதால் வந்தது இல்லை. என்ன பட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் உட்கார்ந்து எழுதினோம். பாக்கெட்டுகளைத் திருப்பிப் பின்பக்கம் அச்சடித்ததைப் படித்து, சர்க்கரையைக் கரண்டியில் அளந்து ஒரு டம்ளரில் கொட்டிக்கொண்டே வந்தோம். காலையில் பாலில் கலக்கும் சத்துமாவு பானம் இரண்டு பெரிய கரண்டி. அந்தத் தூளில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரைதான், அதுவே 7 கிராம். 'இனிப்பு பத்தலை' என்று மேலே இரண்டு ஸ்பூன், 8 கிராம். பள்ளி இடைவேளைக்கு க்ரீம் பிஸ்கெட் 5, அதில் 18 கிராம். சாயங்காலம் ட்யூஷன் போகும் வழியில் 250 மில்லி குளிர்பானம், அதில் 26 கிராம். மொத்தம் 59 கிராம். டம்ளரில் கிட்டத்தட்ட 15 ஸ்பூன் சர்க்கரை நின்றது. இரண்டு வயதிலிருந்து 18 வயது வரை ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். அந்தச் சாயங்காலப் பாட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிட்டது. கேக்கும் சாக்லேட்டும் இல்லாத சாதாரண நாள் அது. 'ஒண்ணுமே தர்றதில்லையே' என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த அக்கா, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் 'சத்து' பானங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்றொரு வகையே கிடையாது. அந்தத் தலைப்பின் கீழ் எந்தப் பானத்தையும் விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. ஆனால் நம் அடுக்களையில் இன்னும் அது ஹெல்த் டிரிங்க்தான். இன்னொரு மாயையும் இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையை விட்டோம், கருப்பட்டிதான், நாட்டுச்சர்க்கரைதான், தேன்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே இரண்டு மடங்கு போடுகிறார்கள். மணமும் ருசியும் வேறு, சரி. கல்லீரலுக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. சிறுதானிய குக்கீஸும் குக்கீஸ்தான்.

வீட்டை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றிலும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இலேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. ஒரு நாள் மாலை பையனின் பள்ளி வாசலிலிருந்து காலடியால் அளந்துகொண்டே நடந்தேன். 50 மீட்டருக்குள் ஒரு பெட்டிக்கடை, சிப்ஸ் சரம் தொங்கும் ஸ்டேஷனரி கடை, பப்ஸ் விற்கும் பேக்கரி, நூடுல்ஸ் வண்டி. மணி அடித்ததும் நான்கிலும் வெள்ளைச் சட்டைகள். விதி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கச் சொல்லி 2025 மே மாதத்தில் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நல்லது. ஆனால் பலகைக்கு எதிரே கடை இருந்தால் பிள்ளை எதைப் பார்க்கும்?

அடுத்தது பி.டி. பீரியட். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓட வேண்டும், ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பையனுக்கு வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். அதில் ஒன்றைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் மார்க் குறைந்ததற்குச் சண்டை போடுகிறோமே, ஒருமுறையாவது பறிபோன பி.டி. பீரியடுக்காகக் கை தூக்கியிருக்கிறோமா? ஓடும் தசை, இன்சுலின் கத்தாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இதற்கு இணையான மாத்திரை கிடையாது.

தூக்கத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும், அதற்கு மேல் 18 வயது வரை 8 மணி நேரம். ட்யூஷன் முடிந்து, ஹோம்வொர்க் முடிந்து, கைப்பேசி முடிந்து 11 மணிக்குப் படுத்து 6 மணி வேனுக்கு எழுந்தால் எங்கே போவது? தூக்கம் குறைந்த பிள்ளைக்குப் பசி கூடும், அதுவும் இனிப்பு, பொரித்தது என்று கேட்டு வரும்.

பயந்துபோய்ப் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். இதுதான் அடுத்த உஷார். பேலியோ, விரதம், எடை குறைக்கும் பவுடர் என்று வாட்ஸ்அப்பில் வருவதை வளரும் உடம்பில் சோதிக்கவே கூடாது. எங்கள் மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியம் அக்காவின் பாதிப் பயத்தைப் போக்கியது: "எடையைக் குறைக்க வேண்டாம்மா, ஏறாம நிறுத்துங்க போதும். உயரம் வளரும், இடுப்பு தானா இறங்கும்." பெரியவர்களுக்குக் கிடைக்காத சலுகை இது. முதலில் குடிக்கும் சர்க்கரையை நிறுத்தினோம். தாகத்துக்குத் தண்ணீர், மோர். பால் வெறும் பாலாக. சாயங்காலம் சுண்டலோ வேர்க்கடலையோ அவித்த முட்டையோ. தட்டில் சோற்று மலையைப் பாதியாக்கி, பொரியலை இரண்டு கரண்டியாக்கினோம். ஜூஸுக்குப் பதில் பழமாகவே. மிக்ஸி, நாரை அரைத்துத் தள்ளிவிட்டு இனிப்பை மட்டும் டம்ளரில் ஊற்றுகிறது. டி.வி. முன்னால் சாப்பாடு கிடையாது என்ற சட்டம் மாமாவுக்கும் சேர்த்துத்தான், அங்கேதான் பெரிய போராட்டம். மகனுக்குச் சுண்டல், அப்பாவுக்கு மிக்சர் என்றால் எந்த வீட்டிலும் இது இரண்டு நாள் தாங்காது. இன்னொன்று, 'குண்டா' என்று கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்தினோம். கேலி தாங்காத பிள்ளை ஒளிந்து தின்னும்.

"தைராய்டா இருக்குமோ" என்று எல்லோரும் கேட்டார்கள். ஹார்மோன் குறைபாட்டால் பருக்கும் குழந்தை பெரும்பாலும் குள்ளமாக இருக்கும். வயதுக்கு மீறிய உயரத்தோடு பருக்கும் பிள்ளைக்கு அநேகமாகத் தைராய்டு காரணமாக இருக்காது. மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொன்னால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

யார் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்? கயிறு எட்டாத பிள்ளை. கழுத்து கறுத்த பிள்ளை. பிறக்கும்போது எடை குறைந்திருந்து பிறகு சட்டென்று பருத்த பிள்ளை. கர்ப்ப காலத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்திருந்தாலும், அப்பாவோ தாத்தாவோ சர்க்கரை நோயாளி என்றாலும் தாமதிக்காதீர்கள். ரத்தச் சர்க்கரையோடு கொழுப்பு அளவுகளும் கல்லீரல் பரிசோதனையும் கேளுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் கட்டும் பட்டை பிள்ளையின் கை அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டை சிறிதானால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும், பெரிதானால் இருப்பதை மறைக்கும். 3 வயதிலிருந்தே வருடம் ஒருமுறை இதைப் பார்ப்பது நல்லது. காய்ச்சலுக்குப் போகும் நாளிலேயே கேட்டு வாங்கலாம்.

இந்த ஆண்டும் மே கடைசியில் அதே டெய்லரிடம் போனோம். பையனின் ஹெச்.டி.எல். இன்னும் 40ஐத் தொடவில்லை. கழுத்துக் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. டெய்லர் நாடாவைச் சுற்றினார், நோட்டைப் பார்த்தார், கால் நீளத்தில் மட்டும் இரண்டு அங்குலம் இறக்கச் சொன்னார். இடுப்பைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டில் இன்றைக்குக் குளிக்க வைக்கும்போது பின்கழுத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கறுத்திருந்தால் பீர்க்கங்கூட்டைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை எடுங்கள்.